மணம் வெளியே போகக் கூடாது

என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அக்காவுக்கும் பதினோரு வருஷமாக ஒரே சண்டை. சொத்துச் சண்டையாக இருந்தால் வக்கீலை வைத்து ஒருவழியாக முடித்துவிடலாம். இது பூவைக் காய வைக்கிற சண்டை. இதற்கு வக்கீலும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது, சாப்பிடுகிற நேரத்தில்கூட ஓய்வு கிடையாது.

நாங்கள் சீமைச்சாமந்திப் பூவிலிருந்து எண்ணெய் எடுக்கிறவர்கள். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் குமிழுமாகச் சட்டைப் பொத்தான் அளவே இருக்கிற பூ. பறித்து வந்ததும் காய வைக்க வேண்டும். காய்ந்ததைச் செம்புக் கொப்பரையில் நிரப்பி அடியிலிருந்து நீராவி விட வேண்டும். ஆவி பூவுக்குள் புகுந்து எண்ணெயை இழுத்துக்கொண்டு குழாய் வழியாகப் போய், குளிர்ந்து, கண்ணாடிக் குடுவையில் சொட்டும். தண்ணீர் கீழே நிற்கும், எண்ணெய் மேலே மிதக்கும். நல்ல எண்ணெயாக இருந்தால் அது நீலமாக இருக்கும். சாதாரண நீலம் இல்லை, பேனா மை நீலம். மஞ்சள் பூவிலிருந்து நீல எண்ணெய் வருவதைப் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. இந்த வீட்டில் எனக்கு அலுக்காத விஷயம் அது ஒன்றுதான்.

காய்ச்சுவது என் வேலை. காய வைப்பது அவர்கள் இருவரின் வேலை. எண்ணெய் நன்றாக வந்தால் காய வைத்தவருக்குப் பாராட்டு, மோசமாக வந்தால் காய்ச்சியவளுக்குத் திட்டு. இந்த நியாயத்தை யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு நானே ஓய்ந்துபோய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் மெஷின் கட்சி. இரண்டு பீரோவை ஒட்டி வைத்த மாதிரி ஓர் உலர்த்தும் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். உள்ளே பத்துத் தட்டு, கீழே சூடான காற்றை ஊதுகிற விசிறி, வெளியே சிவப்பு எண்ணில் டிகிரி காட்டுகிற சின்னக் கண்ணாடி. அந்த எண்ணை அவர் பார்க்கிற பார்வையில் பாதியை என் பக்கம் திருப்பியிருந்தால் எங்கள் குடும்பம் எங்கேயோ போயிருக்கும். பூப் பறிக்க வருகிற பெண்கள் அவருக்கு 'டிகிரி சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாத்தனார் நிழல் கட்சி. பட்டறைக்கு மேலே இருக்கிற பரணறை அவருடைய ராஜ்யம். வெயில் ஒரு கீற்றுகூட விழாமல், மூங்கில் தட்டுகளில் பூவைப் பரப்பி வைப்பார். சாவி அவர் இடுப்பில் இருக்கும். அவருக்குப் பெயர் 'மாடியம்மா'.

"மெஷின் நாப்பதுன்னு காட்டுது. நாப்பதுன்னா நாப்பது. உன் நிழல் எத்தனை டிகிரின்னு உன்னால சொல்ல முடியுமாக்கா?" என்பார் இவர்.

"நிழலுக்கு எதுக்குடா டிகிரி? நிழல்னா நிழல். பூவை அடுப்புல வச்சு வாட்டிட்டு என்கிட்ட கணக்குப் பேசுறான்" என்பார் அவர்.

இதே பல்லவிதான். பூ காய்கிறதோ இல்லையோ, என் மண்டை தினமும் காய்ந்தது.

இந்த வருஷம் முதல் பறிப்பைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாதி மெஷினுக்கு, பாதி மாடிக்கு. காய்ந்ததும் என்னிடம் வந்தது. கொப்பரையில் ஒரு தடவைக்கு ஆறு கிலோ போடுவேன். மெஷின் பூவைக் காய்ச்சினேன். எண்ணெய் பாசி பிடித்த பச்சையாக வந்தது. மாடிப் பூவைக் காய்ச்சினேன். பழுத்த வைக்கோல் நிறத்தில் வந்தது. அளவும் குறைவு. ஆறு கிலோவுக்கு இருபத்தைந்து மில்லியாவது வர வேண்டும். இரண்டிலும் அதில் பாதியைத் தாண்டவில்லை.

எங்களிடம் வாங்குவது ஒரே ஒரு கம்பெனிதான். குழந்தைகளின் தோலுக்குப் பூசுகிற களிம்பு செய்கிறார்கள். அந்த ஆய்வகத்தில் இருக்கிற அம்மாள் போனில் அதிகம் பேச மாட்டார். "ரெண்டு சாம்பிளும் வேண்டாம் சார். நீலமே இல்ல. இன்னொரு தடவை அனுப்புங்க. அதுவும் இப்படியே இருந்தா நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் ஓர் அதிசயம் நடந்தது. அக்காவும் தம்பியும் சண்டை போடவில்லை.

"யோசிச்சுப் பாருக்கா. நீ ஒரு விதமா காய வச்சே, நான் ஒரு விதமா காய வச்சேன். ரெண்டும் கெட்டுப்போச்சு. அப்ப ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது எது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

நாத்தனார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"கொப்பரை" என்றார் நாத்தனார்.

"நெருப்பை அதிகமா வச்சிருப்பே" என்றார் இவர்.

"பத்தொன்பது வருஷமா வைக்கிற அதே நெருப்புதாங்க."

"பத்தொன்பது வருஷத்துல கை மாறாதா? வயசாகுதில்ல?"

என்னைவிட ஆறு வயது மூத்தவர் கேட்கிற கேள்வி இது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த குண்டைப் போட்டார். அக்காவிடம் கேட்பதற்கு முன்பே ஆய்வகத்து அம்மாளிடம் போனில் பேசிவிட்டாராம். காய்ச்சுகிற ஆளை மாற்றப்போகிறோம் என்று சொல்லியாகிவிட்டதாம். வேறொரு பட்டறையில் எண்ணெய் காய்ச்சுகிற ஒருவர் ஒன்றாம் தேதி வேலைக்கு வருகிறாராம்.

"நீ லேபிள் ஒட்டிக்கோ. வேலையும் லேசு" என்றார். எனக்கு நல்லது செய்கிற குரலில் வேறு சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. அந்தக் கொப்பரை எனக்கு அத்துப்படி. ஆவி ஏறும்போது மூடி எப்படி முனகும், குழாயின் எந்த வளைவைத் தொட்டுப் பார்த்தால் போதும், சொட்டு எந்த வேகத்தில் விழுந்தால் தீயைக் குறைக்க வேண்டும், எல்லாம் கைக்குத் தெரியும். வேறு எந்த வேலையிலும் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்ததில்லை. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் கழற்றி வாங்கிக்கொண்டு, கையில் பசை டப்பாவைக் கொடுக்கிறார்கள்.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம். மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. 'இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது' என்று அவர் கேட்டது நல்ல கேள்விதான், விடைதான் தப்பு. கொப்பரையைத் தவிர இன்னொன்றும் பொதுவாக இருக்கலாம் இல்லையா? அவர்கள் இரண்டு பேரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள்.

முதலில் மெஷின் அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பூ மணம் முகத்தில் அறைந்தது. தெருவில் போகிறவர்கள்கூட நின்று மூச்சை இழுத்து "அடடா, என்ன மணம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொள்வார். பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஈரக் காற்று வெளியேறுவதற்காகச் செய்திருக்கிற துவாரத்தில் ஒரு துண்டை நான்காக மடித்து அடைத்து வைத்திருந்தார். போன வருஷம் வரைக்கும் அது அங்கே இருந்ததில்லை.

பிறகு நாத்தனார் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து மாடிக்குப் போனேன். அங்கேயும் அதே மணம் முகத்தில் அறைந்தது. மூன்று ஜன்னல் இருக்கிறது, மூன்றும் சாத்தியிருந்தது. சாத்தினது போதாதென்று இடுக்குகளில் பழைய துணியைக் கிழித்துச் செருகியிருந்தார். மேலே தகரக் கூரை. போன வருஷம் பறிப்பு முடிந்ததும் ஓடு ஒழுகுகிறது என்று அதைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டது நாத்தனாரின் யோசனைதான். நின்ற இரண்டு நிமிஷத்தில் என் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. இந்த இரண்டு பேரும் பதினோரு வருஷமாக எலியும் பூனையுமாக இருந்துகொண்டு, இந்த வருஷம் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே தப்பைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். என் மாமனார் ஆரம்பித்த பட்டறை இது. 'மணம் வெளியே போகக் கூடாது' என்று அவர் ஓயாமல் சொல்வார். அவர் சொன்னது டின்னுக்கு. பூ நன்றாகக் காய்ந்த பிறகு டின்னில் போட்டு மூடியை இறுக்கி வை என்பதற்காகச் சொன்னது. மூடியை லேசாகத் திறந்து வைத்துவிட்டு அவரிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன், அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் அப்பா சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, எதற்குச் சொன்னார் என்பதை விட்டுவிட்டார்கள். பூ காயும்போதே அடைத்து வைத்து, அறை முழுக்க மணம் நிற்கிறதே, எண்ணெய் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அறையில் நிற்கிற மணம் பூவை விட்டுப் போன எண்ணெய். அடைத்த இடத்தில் சூடு ஏற ஏற அது இன்னும் சீக்கிரம் போகும். காற்றில் மிதக்கிறதை நான் எங்கே போய்க் காய்ச்சுவேன்?

வெறும் வாயால் சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை. தெருக்கோடியில் இருக்கிற ரொட்டிக் கடைக்குப் போனேன். மாவு உப்புவதற்காக ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அதற்குள் தொங்குகிற, பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண் போட்ட வட்டமான வெப்பமானியை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

"வீட்டுல ரெண்டு பேருக்குக் காய்ச்சல்" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மெஷின் கண்ணாடியில் நாற்பது என்று எரிந்துகொண்டிருந்தபோது மேல் தட்டில் வைத்து, அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தேன். அறுபத்தெட்டு. சூட்டை அளக்கிற கம்பி பெட்டியின் அடியில், புதுக்காற்று நுழைகிற இடத்தில் இருக்கிறது. அதற்குப் பாவம், மேலே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? மாடியில் மத்தியானம் மூன்று மணிக்கு ஐம்பத்தேழு. நிழல்தான், சந்தேகமே இல்லை. அடுப்புக்குள்ளேயும் நிழலாகத்தான் இருக்கும்.

வெப்பமானியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரொட்டிக் கடைக்காரரிடம் எண்ணைச் சொன்னேன். "அறுபத்தெட்டா? அந்தச் சூட்டுல நான் ரஸ்க் காய வைக்கிறேம்மா" என்றார். அதைக் கேட்டதும் திருப்பிக் கொடுத்ததை மறுபடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மேஜையில் வெப்பமானியை வைத்து இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். துவாரத்தில் இருந்த துண்டையும் ஜன்னலில் இருந்த துணியையும் பக்கத்தில் போட்டேன். என் வீட்டுக்காரர் துண்டைப் பார்த்தார். நாத்தனார் துணியைப் பார்த்தார். பிறகு இவர் அவருடைய துணியைப் பார்க்க, அவர் இவருடைய துண்டைப் பார்த்தார்.

"மாமா டின்னைப் பத்திச் சொன்னாருங்க. காயுற பூவைப் பத்திச் சொல்லல" என்றேன்.

"அப்பா சொன்னது எல்லாத்துக்கும்தான்" என்றார் நாத்தனார்.

இவர் வெப்பமானியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரொட்டிக்கு உள்ளது."

"சூட்டுல ரொட்டிச் சூடு, பூச் சூடுன்னு இருக்காங்க?"

"மாவு ஒட்டியிருக்கு பாரு. பழசு. இது எப்படிச் சரியா காட்டும்?"

"தப்பாத்தான் காட்டும்" என்றார் நாத்தனார்.

பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன விஷயங்கள் இரண்டு. ஒன்று, நான் சரியாகக் காய்ச்சவில்லை. இன்னொன்று, ரொட்டிக் கடைக்காரரின் வெப்பமானி பொய் சொல்கிறது. துண்டு மறுபடி துவாரத்துக்குப் போனது, துணி மறுபடி ஜன்னலுக்குப் போனது. இந்தக் கல்லுளிமங்கர்களோடு மல்லுக்கட்டுவதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று எழுந்து போய்விட்டேன்.

அந்த வருஷத்தின் கடைசிப் பறிப்பு மறுநாள் வந்தது. தொண்ணூறு கிலோ ஈரப் பூ. இதை விட்டால் அடுத்த வருஷம்தான் பூக்கும், ஆனால் அடுத்த வருஷம் வாங்க ஆள் இருக்காது. பறித்த பெண்கள் கூடைகளை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனதும், எத்தனை கூடை மெஷினுக்கு, எத்தனை கூடை மாடிக்கு என்று அக்காவும் தம்பியும் ஆரம்பித்தார்கள். ஈரப் பூவைக் குவியலாக வைத்தால் உள்ளுக்குள்ளே புழுங்கிச் சூடேறிவிடும். அதைப் பற்றி யாருக்குக் கவலை? போன மாதம் யாருக்கு அரைக் கூடை கூடப் போனது என்பதல்லவா முக்கியம். அவர்கள் முகத்துக்கு முன்னாலேயே மூன்றில் ஒரு பங்கை, முப்பது கிலோவை, ஒவ்வொரு கூடையாக நான் உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். கடைசிக் கூடைக்குத் திரும்பி வந்தபோது நாத்தனார் கொஞ்சம் நகர்ந்து வழிகூட விட்டார். சாயங்காலம்தான் கணக்கு உதைக்கிறதென்று கண்டுபிடித்தார்கள்.

எங்கள் மகள் வெளியூரில் படிக்கிறாள். அவளுடைய அறை காலியாக இருந்தது. வீட்டின் வடக்குப் பக்கம், எதிரெதிரே இரண்டு ஜன்னல், மேலே மின்விசிறி. அவள் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டு, கயிறு கட்டி நான்கு அடுக்காகக் கொசுவலையை இழுத்து விரித்தேன். அது போதாமல் கூடத்துக்கும் இழுத்தேன். ஒரு பூவின்மேல் இன்னொரு பூ படாமல் ஒற்றையாகப் பரப்புவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்தேன். விசிறியை மெதுவாகச் சுழல விட்டேன். ரொட்டிக் கடை வெப்பமானியை நடுவில் தொங்கவிட்டேன். காலையில் இருபத்தெட்டு, உச்சிவெயிலில் முப்பத்து நான்கு.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று மூக்கை நீட்டினார்.

"மணமே இல்லையே. என்ன பூ இது? என் ரூம்ல போய் நின்னு பாரு, தலை சுத்தும்."

"இங்க மணம் பூவுக்குள்ள இருக்கு."

"எல்லாம் ஜன்னல் வழியாப் போச்சு" என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார் நாத்தனார்.

நானும் மனுஷிதானே. அவர்கள் போன பிறகு ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பார்த்தேன். சொன்னது தப்பில்லை என்று எனக்கே ஒரு தடவை காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு நாளில் பூ சருகாகக் காய்ந்தது. மஞ்சள் மஞ்சளாக இருந்தது, வெள்ளை வெள்ளையாக இருந்தது. காம்பை வளைத்தால் டக்கென்று ஒடிந்தது. உடனே டின்னில் போட்டு, மாமனார் ஆசைப்பட்டபடி மூடியை இறுக்கினேன்.

ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. சாம்பிள் அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் இந்தக் கடைசித் தடவையும் நான்தான் காய்ச்ச வேண்டும், வேறு வழியில்லை. நான் ஒரு நிபந்தனை போட்டேன். மூன்று பூவையும் ஒரு நாளைக்கு ஒன்றாகக் காய்ச்சுவேன். மூன்று நாளும் காலையிலிருந்து முடிகிற வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தீயை அவர்களே அளந்து வைக்கட்டும். தண்ணீரை அவர்களே ஊற்றட்டும். பிறகு என் கையைக் குற்றம் சொல்லக் கூடாது.

இரண்டு முக்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். முதல் நாள் மெஷின் பூ. ஏழு மணி நேரம். பன்னிரண்டு மில்லி, அதே பாசிப் பச்சை. நாத்தனார் முகத்தில் ஒரு சின்னப் பிரகாசம். இரண்டாம் நாள் மாடிப் பூ. பத்து மில்லி, அதே வைக்கோல். பிரகாசம் அந்த முகத்திலிருந்து இந்த முகத்துக்கு மாறியது. "உன்னைவிட எனக்கு ரெண்டு மில்லி ஜாஸ்தி" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டுமே குப்பைக்குப் போகிற எண்ணெய், அதிலே இவருக்கு ரெண்டு மில்லி வெற்றி.

மூன்றாம் நாள் என் பூ. அதே கொப்பரை, அதே ஆறு கிலோ. காலை ஏழு மணிக்கு அவர்களே தீ வைத்தார்கள். ஏழே முக்காலுக்கு மூடி முனகியது. எட்டு மணிக்கு முதல் சொட்டு விழுந்தது, வெறும் தண்ணீர். இரண்டாவது, மூன்றாவது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவர்களுக்குக் கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது குறை சொல்லியிருப்பார்கள். எட்டேகாலுக்குக் குடுவையின் கழுத்தில் மெல்லிய ஒரு வளையம் கட்டியது. நீலம்.

வளையம் தடித்துக்கொண்டே போனது. மத்தியானம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்து அளந்தபோது இருபத்தெட்டு மில்லி இருந்தது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலும் அந்தப் பக்கம் தெரியாத நீலம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

முதலில் வாயைத் திறந்தது நாத்தனார். "பாத்தியாடா? நிழல். ரூம்ல வெயில் பட்டுதா? நான் இத்தனை வருஷமா சொன்னதுதானே."

"மின்விசிறி இல்லாம காஞ்சிருக்குமாக்கா? விசிறி என்னது? மெஷின். காத்தை ஊதித்தானே காய வச்சா?"

நான் முக்காலி இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்தேன். இல்லாவிட்டால் என் கை அவற்றை வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கும்.

அதோடு விடவில்லை. இரண்டு பேரும் மூலையில் நின்று குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நாங்க ஒண்ணு முடிவு பண்ணியிருக்கோம். லேபிள் எல்லாம் உனக்கு வேண்டாம். அடுத்த வருஷத்துலேர்ந்து காய வைக்கிறதை நீ பாத்துக்கோ. உனக்குத்தான் அது நல்லா வருது."

"கொப்பரை?"

"அதுக்குத்தான் ஆள் வர்றாரே. பூ நல்லா காஞ்சா யார் காய்ச்சினாலும் நீலம் வரும்னு நீதானே நிரூபிச்சே?"

மூன்று நாள் நின்று, நானே என் கையால் என் வேலையைப் பறித்து அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். தீயையும் தண்ணீரையும் அவர்கள் கையில் விட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். இரவு முழுக்க அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக மனசுக்குள் கேட்டேன். அவர் பக்கத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

சாம்பிள் போய் நான்காம் நாள், காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. கையில் எண்ணெய் இருந்ததால் என் வீட்டுக்காரர் மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டார்.

"சார், சாம்பிள் பாத்தோம். ரொம்ப நல்லா இருக்கு. நாங்க கேட்ட அளவுக்கு மேலயே இருக்கு. இனிமே இதே மாதிரிதான் வேணும். ஆளை மாத்தப்போறேன்னு சொன்னீங்களே, மாத்தினது நல்லதாப்போச்சு. புது ஆள் கெட்டிக்காரர். அவரை விட்டுடாதீங்க."

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். நாத்தனார் சுத்தமாக இருந்த மேஜையை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் என்னைப் பார்க்காமல் போனிடம் சொன்னார்: "சரிங்க மேடம்."

சரிங்க மேடமாம். பத்தொன்பது வருஷம் ஆவியில் வெந்த கை என்னுடையது. பச்சை எண்ணெய்க்குத் திட்டு வாங்கினது நான். நீல எண்ணெய்க்குப் பாராட்டு, இன்னும் வந்தே சேராத ஓர் ஆளுக்கு. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. போனை என் பக்கம் இழுத்தேன்.

"மேடம், புது ஆள்தான் பேசுறேன்."

"ஓ, நீங்களா? நல்லா காய்ச்சியிருக்கீங்க."

"பழைய ஆளும் நான்தான் மேடம். அந்தப் பச்சையைக் காய்ச்சினதும் நான்தான். அதே கொப்பரை, அதே தீ. காய்ச்சுறதுல நான் ஒண்ணையும் மாத்தல. பூவை அடைச்சு வச்சுச் சூட்டுல வாட்டாம, காத்தோட்டமா காய வச்சேன். அவ்வளவுதான் மாறினது."

"அப்ப இதுக்கு முன்னாடி காய வச்சது யாரு?"

நாத்தனாரின் கை துடைப்பதை நிறுத்தியது. என் வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னைக் கும்பிட்டார். அந்த இரண்டு முகமும் அவ்வளவு ஒரே மாதிரி இருந்து நான் பார்த்ததில்லை. பெயரைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் இந்த ஒரு நாளைக்குத்தான் இனிக்கும்.

"அவங்க இனிமே காய வைக்க மாட்டாங்க மேடம்" என்றேன்.

"நல்லது. அப்ப அடுத்த வருஷம் அதை யாரு பாத்துக்குவாங்க? நீங்களா?"

"இல்ல மேடம். ஒண்ணாம் தேதி ஒருத்தர் வேலைக்கு வர்றார். எப்படிக் காய வைக்கணும்னு அவருக்கு நான் சொல்லித் தர்றேன். கொப்பரைக்கு ஆள் இருக்கு."